ஜோகூரில் காரில் துப்பாக்கி கொண்டுபோகிறவர்களுக்கு: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால், காலையில் இளம் செம்பனைக் கன்றுகளில் குருத்து மிஞ்சாது. குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களில் சிலர் முறையாக உரிமம் எடுத்து வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டில் பூட்டி வைப்பது, நிலத்தில் பயன்படுத்துவது பற்றியெல்லாம் நன்றாகவே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நடுவே காரில் போகிற நேரத்தைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

படி 1: உரிமம் யார் பெயரில், எந்தத் துப்பாக்கிக்கு?

அடிப்படைச் சட்டம் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். குண்டு பாயும் துப்பாக்கி மட்டுமல்ல, காற்றுத் துப்பாக்கியும் இதன்படி ஆயுதம்தான். கழற்றி வைத்த குழாய், துப்பாக்கியின் வேறு பாகங்கள், தோட்டா எல்லாம் இதில் அடக்கம். உரிமமின்றி வைத்திருந்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும்.

உரிமம் கொடுப்பவர் மாநிலப் போலீஸ் தலைவர். விண்ணப்பம், விசாரணை எல்லாம் உங்கள் வட்டாரப் போலீஸ் தலைமையகத்தில் தொடங்கும். அந்த உரிமம் குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு, குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கு. "அப்பாவோட துப்பாக்கிதானே" என்று மகன் அதைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினால், சட்டத்தின் கண்ணில் அவன் உரிமமில்லாதவன். தோட்ட நிர்வாகத்தின் துப்பாக்கியைக் காவலாளி தூக்க வேண்டுமானால், அவர் பெயரில் தனி அனுமதி வேண்டும். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பொருளை மாற்றிக்கொள்கிற வழக்கம் நம்மிடம் அதிகம். துப்பாக்கிக்கு மட்டும் அது ஆகாது.

படி 2: 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையைப் புரிந்துகொள்ளுங்கள்

பலர் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேலே 1971ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டம் இருக்கிறது. அதன்படி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அப்படி வைத்திருந்தால், கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். கடத்தலுக்கான தண்டனை மரணம் வரை போகும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் நீதிபதி விதிக்கக்கூடிய தண்டனையாக மரணம் இன்னும் இருக்கிறது.

வேட்டைக்குப் போகிற நண்பர்கள் எல்லாருடைய துப்பாக்கியையும் ஒருவருடைய பிக்கப்பில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு, "பின்னாடியே வர்றோம்" என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று இப்போது தெரிந்திருக்கும். அவரவர் துப்பாக்கி அவரவர் கையோடு வரட்டும்.

படி 3: கிளம்புமுன்

உரிமத்தை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். காலாவதித் தேதி, துப்பாக்கியின் வரிசை எண், அனுமதித்த தோட்டா எண்ணிக்கை, எந்தக் காரியத்துக்கு அனுமதி என்பதையெல்லாம் பாருங்கள். வரிசை எண்ணைத் துப்பாக்கியோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். சிகாமட்டிலிருந்து கிமாஸ் பக்கம் போனால் நெகிரி செம்பிலான் வந்துவிடும். மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால் முன்கூட்டியே போலீஸில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேட்டை என்றால் துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் வேட்டை உரிமம் தனியாக எடுக்க வேண்டும். காஹாங் வழியாக எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிற நாளில் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும்.

படி 4: காரில் வைப்பது

தோட்டாவை எடுத்துவிட்டு, குழாய்க்குள் கண்ணால் பாருங்கள். மடக்குத் துப்பாக்கியை மடக்கி இரண்டு அறையும் காலியா என்று விரலை விட்டும் பார்க்கலாம். பிறகு பூட்டிய பெட்டிக்குள் வைத்துக் காரின் பின்பக்கச் சாமான் அறையில் வையுங்கள். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. உரிமம் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். வழியில் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினால் ஒருவர் காரிலேயே இருக்க வேண்டும். அவர் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். கார் கண்ணாடி உடைந்து துப்பாக்கி போய்விட்டால், தாமதிக்காமல் போலீஸில் புகார் செய்யுங்கள்.

தோட்டத்துப் பாராங்கத்தியும் சீட்டுக்கு அடியில் கிடக்கும். வேலைக்கென்று காட்ட முடியாத நேரத்தில் அதுவும் 1958ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதச் சட்டத்தில் சிக்கவைக்கும். வேலை முடிந்ததும் இறக்கி வைத்துவிடுங்கள்.

படி 5: கூட ஏறுகிறவர்களுக்கு

இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமமில்லாத துப்பாக்கி இருப்பது தெரிந்தும் அந்த ஆளோடு கூட இருப்பதே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கும் 14 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. "நான் சும்மா லிஃப்டுதான் கேட்டேன்" என்பதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரிய போராட்டம். நண்பனின் காரில் அப்படி எதையாவது கண்டால், வெட்கப்படாமல் இறங்கிவிடுங்கள். பொம்மைபோல் இருந்தாலும் இறங்குங்கள். போலித் துப்பாக்கி வைத்திருப்பதற்கே ஓராண்டுவரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

படி 6: சாலைத் தடுப்பில்

வேகத்தைக் குறைத்து, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வையுங்கள். போலீஸ்காரர் பேசத் தொடங்கியதும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "துவான், பின்னால் சாமான் அறையில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. உரிமம் சட்டைப்பையில்." அவர் சொன்ன பிறகே கையை நகர்த்துங்கள், சாமான் அறையைத் திறவுங்கள். அவராகக் கண்டுபிடித்துவிட்டால், எல்லாத் தாளும் சரியாக இருந்தாலும் அந்த இரவு நீண்டுபோகும்.

படி 7: சிங்கப்பூர் பக்கம் திரும்புமுன்

உங்கள் மலேசிய உரிமம் ஜோகூர் பாலத்தோடு முடிந்தது. சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. துப்பாக்கியை யாரும் மறந்து கொண்டுபோவதில்லை. மறப்பது தோட்டாவைத்தான். சனிக்கிழமை நிலத்துக்குப் போன அதே காரில் திங்கட்கிழமை உட்லண்ட்ஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள், முந்தின இரவே டேஷ்போர்டு, கதவுப் பை, ஸ்பேர் டயர் குழி, சீட்டு இடுக்கு எல்லாம் கைவிட்டுப் பாருங்கள். சுட்டு முடித்த வெறும் கூடும் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் பொம்மைத் துப்பாக்கிக்கும் அங்கே போலீஸ் அனுமதி வேண்டும். துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டருக்கு முழுத் தடை; அதையும் வீட்டில் வைத்துவிட்டே கிளம்புங்கள்.