குறட்டையும் தொண்டையின் அமைப்பும்



குறட்டை விட்டுத் தூங்குகிறவரைப் பார்த்து, "கவலையில்லாத மனுஷன்" என்று சொல்லுவது நம் வழக்கம். லாரி ஓட்டும் ஒரு சகோதரரின் மனைவி, "ஐயா, ராத்திரியில் இவர் மூச்சு நின்று நின்று வருகிறது, நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்" என்று சொன்னபோது, நாங்களும் அப்படியே சொல்லி அனுப்பிவிட்டோம். அது எங்கள் தவறு. பிற்பாடு மருத்துவர்கள் படம் வரைந்து எங்களுக்கு விளக்கியதை இங்கே எழுதுகிறோம்.

மூக்கை எலும்பும் குருத்தெலும்பும் தாங்குகின்றன. கீழே மூச்சுக்குழாயை 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் திறந்தபடி வைத்திருக்கின்றன. நடுவே, மெல்லண்ணம் முதல் குரல்வளை வரையுள்ள தொண்டைக்கோ அப்படிப்பட்ட சட்டம் இல்லை. விழுங்கவும் பேசவும் அது சுருங்கி விரிய வேண்டுமே! சுற்றியுள்ள தசைகள்தாம் அதைத் திறந்து வைக்கின்றன.

விழித்திருக்கையில், கீழ்த்தாடையின் உட்புறத்திலிருந்து நாக்கிற்குள் விரியும் தசை நாக்கை முன்னே இழுத்துப் பிடிக்கிறது. தூக்கத்தில் அது தளருகிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னே சரிகிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிருவதே குறட்டை. நனைந்த காகிதக் குழலை உறிஞ்சினால் ஒட்டிக்கொள்வதுபோல வழி முழுவதும் அடைபட்டால், நெஞ்சு ஏறி இறங்கும், காற்று போகாது. 10 விநாடியோ அதற்கு மேலோ இப்படி நின்றால் அதை மூச்சுத்தடை என்று கணக்கிடுகிறார்கள். பிராணவாயு குறைய, மூளை அவரை அரைகுறையாய் எழுப்பிவிடும். ஒரு பெருமூச்சு, மறுபடியும் தூக்கம். காலையில் ஒன்றும் நினைவிராது. பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகும்.

பருத்த கழுத்துள்ளவர்களுக்கு மாத்திரம் வருவதென்று எண்ண வேண்டாம். கீழ்த்தாடை சிறிதாய் உள்வாங்கியிருந்தால், ஒல்லியானவருக்கும் நாக்குக்கு இடம் போதாது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும் பெருத்திருப்பதே காரணம். வாயைத் திறந்து குறட்டை விடும் பிள்ளையைக் கேலி செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவருடைய உடன் ஊழியர்களும், மூக்கின் வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தோடு தொடர்ந்து செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். எலும்பில்லாத இடத்தில் காற்றே தூணாக நிற்கிறது.

அந்தச் சகோதரரும் இப்போது அவ்வித முகமூடி அணிந்தே படுக்கிறார். முதல் இரவில் குறட்டைச் சத்தம் கேட்காததால் பயந்துபோய் மூன்று முறை எழுந்து அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்ததாக அவருடைய மனைவி எங்களிடம் சொன்னார்.