கணவர் கையெழுத்துப் போட்டால் போதுமா?

கேள்வி: என் மகளை முதல் பிரசவத்துக்குச் சேர்த்தபோது, அட்மிஷன் போடும் இடத்திலேயே மருமகனிடம் நாலைந்து தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கீழே வெட்டித் தையல் போட்டிருப்பதே வலி எடுத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இப்போது மறுபடியும் ஏழு மாதம். வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லையா?
- ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: தாராளமாக உண்டு, அம்மா. பேரப்பிள்ளையைக் கையில் வாங்கிய மகிழ்ச்சியில் பலரும் மறந்துவிடும் கேள்வியை நீங்கள் விடாமல் வைத்திருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பதினெட்டு வயது நிரம்பி, நினைவோடு இருக்கும் பெண்ணுக்குச் செய்யும் சிகிச்சைக்கு அவள் சம்மதம்தான் சம்மதம். கணவர், மாமியார், பெற்ற தாய் யார் கையெழுத்தும் அதற்கு ஈடாகாது. டெல்லியில் ஒரு பெண், வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் சோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்து வாங்கிக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அவர் கண் விழிக்கும் வரை காத்திருந்திருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்பதும் அதே தீர்ப்புதான். ஆகவே, அட்மிஷன் போடும்போது வாங்கும் ‘தேவைப்படும் எல்லா சிகிச்சைக்கும் சம்மதம்’ என்ற தாளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்துவிட முடியாது.

பிறகு ஏன் மருமகனைத் தேடுகிறார்கள்? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், ஆபரேஷனுக்கு முன் எழுத்தில் சம்மதம் தர வேண்டியவர்களைச் சொல்லும் இடத்தில் கணவன் அல்லது மனைவி முதலில் வருகிறார், நோயாளி கடைசியில் வருகிறார். பல ஆஸ்பத்திரிகளின் பழக்கம் அந்த வரிசையை ஒட்டியே இருக்கிறது. பில் கட்டுபவரிடம் கையெழுத்து இருந்தால் நாளைக்குத் தகராறு வராது என்ற எண்ணமும் உண்டு. மருமகன் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவதில் தவறில்லை. மகளைக் கேட்காமல் விடுவதுதான் தவறு.

‘வலியில் துடிப்பவளிடம் என்னத்தைக் கேட்பது?’ என்பார்கள். லேபர் வார்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரசவ வலி விட்டு விட்டுத்தான் வரும். நன்றாக வலி எடுத்த நிலையிலும் பத்து நிமிடத்துக்கு மூன்று, நான்கு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். நடுவே அந்தப் பெண் மூச்சை விட்டு, தண்ணீர் கேட்டு, ‘அம்மா வெளியில இருக்காங்களா?’ என்று விசாரிப்பாள். அந்த இடைவெளியில் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வாள். குழந்தையின் இதயத்துடிப்பு தாறுமாறாகக் குறையும் அவசரத்தில்கூட, ‘துடிப்பு இறங்குதும்மா, உடனே ஆபரேஷன் பண்ணணும், பண்ணலாமா?’ என்று கேட்கப் பத்து விநாடி போதும். அவள் நினைவிழந்து, காத்திருந்தால் உயிர் போகும் என்ற நிலையில் மட்டும் கேட்காமலே டாக்டர் செயல்படலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும்.

உங்கள் மகளுக்கு நடந்ததற்கு எபிசியாட்டமி என்று பெயர்: குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் பிறப்புறுப்பின் வாயிலைக் கத்தரித்து அகலப்படுத்துவது. தலைச்சன் பிரசவம் என்றாலே வெட்டிவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. தானாகப் பெரிதாகக் கிழிவதை அது தடுக்கும் என்று நம்பினோம். எல்லோருக்கும் வெட்டுவதால் அந்தப் பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் சொல்லிவிட்டது. குழந்தை திணறும்போதோ, ஆயுதம் போட்டு எடுக்கும்போதோ தேவைப்படலாம். அப்போதும் சொல்லிவிட்டு, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும். பனிக்குடத்தை உடைப்பது, வலி வர டிரிப்பில் மருந்து ஏற்றுவது, பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி வைப்பது எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். காப்பர்-டியைப் பற்றிக் கர்ப்ப காலத்திலேயே பேசி முடித்திருக்க வேண்டும். லேபர் டேபிளில் படுத்திருப்பவளிடம் முதன்முதலாகக் கேட்பது எனக்கு ஒப்பாத காரியம்.

வேண்டாம் என்று மகள் மறுத்தால், அதனால் என்ன ஆபத்து என்று டாக்டர் எடுத்துச் சொல்லலாம், மறுத்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதி வைக்கலாம், ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது. அதேசமயம் மறுக்கும் உரிமை, கேட்டதையெல்லாம் பெறும் உரிமை ஆகாது. நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து சிசேரியன் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல டாக்டருக்கும் உரிமை உண்டு.

இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றில் 45 பிரசவம் சிசேரியன், தனியாரில் 64 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. எனவே அடுத்த செக்கப்பிலேயே மகள் தன் வாயால் கேட்கட்டும்: எந்த நிலை வந்தால் எனக்கு ஆபரேஷன் என்பீர்கள், வெட்டுவதானால் முன்கூட்டிச் சொல்வீர்களா, அம்மா என்னோடு உள்ளே இருக்கலாமா? நம் அரசு மருத்துவமனைகளில் கூட ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. தனியாரில் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, முதல் பிரசவத்தின் கேஸ் ஷீட் நகலை அந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அந்த 2002 விதிகளில்தான் இருக்கிறது. எதற்காக வெட்டினார்கள், கிழிசல் எவ்வளவு ஆழம், குழந்தையின் எடை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த முறை பார்க்கப்போகும் டாக்டருக்கு அது அவசியம் தேவைப்படும்.