முதலில் ஸ்கோரைச் சொல்லுங்கள்

பேஸ்பால் வர்ணனையாளராக விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் குரலைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். "என் குரல் இந்த வேலைக்குப் போதுமா?" தெளிவான உச்சரிப்பும் மூன்று மணி நேரம் கட்டிக்கொள்ளாத தொண்டையும் இருந்தால் போதும். கவலைப்பட வேண்டியது கண்ணைப் பற்றி.

வானொலியில் ஆட்டம் கேட்பவர் சமையலறையில் நிற்கிறார், கார் ஓட்டுகிறார், சில வீடுகளில் பார்வையற்றவராகவும் இருக்கிறார். நீங்கள் சொன்னால்தான் அவருக்கு மைதானமே உண்டு. பிட்சர் எந்தக் கைக்காரர், எந்த பேஸில் ஆள் நிற்கிறார், எத்தனை அவுட், அடித்த பந்து எந்தப் பக்கம் போகிறது, அதைத் துரத்துவது யார். இவ்வளவும் சொன்ன பிறகுதான் உங்கள் கருத்துக்கு இடம். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேட்டரின் புள்ளிவிவரத்தைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பந்து பறந்துவிடும். கூட்டம் கத்துகிறது, கேட்பவருக்கு ஒன்றும் புரிவதில்லை.

ஸ்கோர் சொல்ல மறப்பது இதைவிடப் பெரிய குற்றம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வர்ணனை செய்த ரெட் பார்பர், முட்டை வேகும் நேரம் பார்க்கும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தைத் தன் எதிரில் வைத்திருந்தார். மணல் இறங்கி முடிந்தால் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். காரில் இப்போதுதான் ஏறி உட்கார்ந்தவர் ஐந்தாறு நிமிடம் ஸ்கோருக்காகக் காத்திருப்பது எவ்வளவு எரிச்சல் என்று அவருக்குத் தெரியும். நீங்களும் ஒன்று வாங்கி வையுங்கள். எத்தனை வருடம் அனுபவம் வந்தாலும் எடுத்துவிடாதீர்கள்.

பயிற்சிக்கு ஸ்டுடியோ வேண்டாம். பக்கத்துக் கல்லூரி மைதானத்துக்கு ஒரு ரெக்கார்டரோடு போய், ஆளில்லாத மேல் வரிசையில் உட்கார்ந்து, ஒன்பது இன்னிங்ஸையும் விடாமல் பேசிப் பதிவு செய்யுங்கள். தொலைக்காட்சியைப் பார்த்துப் பழக வேண்டாம். எதைப் பார்ப்பது என்பதைக் கேமராவே முடிவு செய்துவிடும், உங்கள் கண் சோம்பிப்போகும். மறுநாள் காலை கண்ணை மூடிக்கொண்டு பதிவைக் கேளுங்கள். ரன்னர் எங்கே நிற்கிறார் என்று உங்களுக்கே தெரியாமல் போகும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு போடுங்கள். முதல் ஆட்டத்தில் தாள் முழுக்கக் கோடாக இருக்கும், மனம் தளரத் தேவையில்லை. முப்பது ஆட்டம் கழித்து அந்தத் தாளைப் பாருங்கள். ஸ்கோர் புத்தகத்தையும் கையாலேயே எழுதப் பழகுங்கள். 6-4-3 என்று எழுதினால் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ், முதல் பேஸ் என்று பந்து கைமாறி இரண்டு பேர் அவுட் ஆனார்கள் என்று பொருள். ஏழாவது இன்னிங்ஸில் அந்தத் தாளைப் பார்த்ததும் மூன்றாவது இன்னிங்ஸ் கண்ணெதிரே வந்து நிற்கும்.

மௌனம் பற்றி டாட்ஜர்ஸ் வர்ணனையாளர் வின் ஸ்கல்லியிடம்தான் கற்க வேண்டும். சிறுவனாக வீட்டு வானொலிப் பெட்டிக்கு அடியில் படுத்து, கூட்டத்தின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1974 ஏப்ரல் 8, அட்லாண்டாவில் ஹாங்க் ஆரன் 715ஆவது ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டிய இரவில், பந்து போன வழியைச் சொல்லி முடித்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். கூட்டமும் வாணவேடிக்கையும் பேசட்டும் என்று விட்டார். 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் கால் வலியோடு வந்த கர்க் கிப்சன் அடித்த ஹோம் ரன்னுக்குப் பிறகு, தொலைக்காட்சியில் ஒரு நிமிடத்துக்கும் மேல் வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லியிருந்ததால்தான் அவரால் நிறுத்த முடிந்தது. இந்த வரிசை முக்கியம்.

இனி பிழைப்பு. மேஜர் லீக்கில் 30 அணிகள், ஒவ்வொன்றிலும் சில நாற்காலிகளே. உட்கார்ந்தவர் லேசில் எழுவதில்லை. ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை 67 சீசன் டாட்ஜர்ஸுக்கே பேசினார். பெரும்பாலோர் கல்லூரி வானொலியில் தொடங்கி, கேப் காட் போன்ற கோடைக்கால லீக்குகள் வழியாக மைனர் லீக் வருகிறார்கள். அங்கே 120 அணிகள். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆட்டம், திங்கள் ஓய்வு, ராத்திரி பஸ். பல ஊர்களில் மைக் பிடிப்பது உங்கள் வேலையில் ஒரு பகுதிதான். காலையில் ஆட்டக் குறிப்பு எழுத வேண்டும், விளம்பரம் பிடிக்க வேண்டும், மழை வந்தால் தார்ப்பாய் இழுக்க வேண்டும். சம்பளம் குறைவு, பல இடங்களில் சீசன் முடிந்தால் அதுவும் இல்லை. ஆகவே குளிர்காலத்துக்கு வேறொரு வருமானத்தை ஏற்பாடு செய்துகொண்டு இறங்குங்கள். கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி வர்ணனையும் பழகிக்கொண்டால் உதவும்.

வேற்று மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்த வாசல் மூடியதல்ல. ஈக்வடாரில் பிறந்த ஹைமே ஹரீன் 1955இல் அமெரிக்கா வந்தபோது அவருக்கு பேஸ்பாலே தெரியாது. ஆட்டத்தைப் படித்துத் தெரிந்துகொண்டு 1959இல் டாட்ஜர்ஸின் ஸ்பானிய வர்ணனைக்கு வந்தார். ஆரம்ப வருடங்களில் வெளியூர் ஆட்டங்களுக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஆங்கில வர்ணனையைக் காதில் வாங்கி ஸ்பானியத்தில் சொன்னார். 2022 வரை அந்த வேலையில் இருந்தார். மேஜர் லீக் அணி ஒன்றின் முதன்மை வர்ணனையாளராக ஒரு பெண் வருவதற்குத்தான் 2024 வரை ஆகிவிட்டது. ஓக்லண்டில் ஜென்னி காவ்னர் அமர்ந்த அந்த நாற்காலி எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது.

ஒலிபரப்பில் உங்கள் சிரமம் வெளியே வரவே கூடாது. 1949இல் ஸ்கல்லியை ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு பார்பர் பாஸ்டனுக்கு அனுப்பினார். வர்ணனைக்கு அறை இருக்கும் என்று நம்பி ஓவர்கோட்டை விடுதியிலேயே விட்டுவந்த பையனுக்குக் கிடைத்தது ஃபென்வே பார்க் மைதானத்தின் கூரை. நவம்பர் குளிரில் நடுங்கியபடி பேசினார், குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் விவரம் தெரிந்த பார்பர் அந்தப் பையனை மறக்கவில்லை.

வேலைக்கு மாதிரிப் பதிவு அனுப்பும்போது ஹோம் ரன்களை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். கூச்சல் எல்லோருக்கும் வரும். ஒன்றும் நடக்காத ஓர் அரை இன்னிங்ஸை வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள். மூன்று பேட்டர், மூன்று அவுட். 2023 முதல் பந்துக்குப் பந்து கடிகாரம் ஓடுகிறது, பழைய காலத்து நீண்ட கதைக்கு நேரமில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்பவர் காது கொடுப்பார். அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், ஸ்கோர் சொன்னீர்களா என்று.