பழைய போலியோ பேரப்பிள்ளைக்கு ஒட்டாது

சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு, தேறி, உழைத்துக் குடும்பம் நடத்தி ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்குப் புதிதாகத் தளர்ச்சி வருகிறது. நல்ல கால் என்று நம்பியிருந்த காலும் சோர்கிறது, தசை வலிக்கிறது, குளிர் தாங்கவில்லை. வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இதற்குச் சட்டென்று ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறார்கள்: "போலியோ திரும்ப வந்துடுச்சு, குழந்தைங்களைக் கிட்ட விடாதீங்க." இது கலப்படமில்லாத பொய். பேரனை மடியில் வைக்கத் தயங்கும் தாத்தாவுக்குக் கால் தளர்ச்சியைவிட இந்தப் பேச்சுதான் பெரிய நோய்.

போலியோ வைரஸ் வாய்வழியே புகுந்து, குடலில் பெருகி, சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். நோய் எதிர்ப்பாற்றல் சரியாக உள்ள உடம்பில் அதன் கதை அத்தோடு முடிந்தது. 1970-களில் காய்ச்சலில் விழுந்த குழந்தையிடம் அது இன்றுவரை பதுங்கியிருக்க வழியில்லை. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தையை. 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்ததற்கான சான்று கிடைத்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட யாருக்குக் கைகால் திடீரெனத் துவண்டாலும் மலத்தைப் பரிசோதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. தாத்தா பாட்டிகள் நோயைப் பரப்பியிருந்தால் அதில் தெரியாமலா போயிருக்கும்?

தளர்ச்சிக்கு மருத்துவர்கள் பெரிதும் ஏற்கும் காரணம் தண்டுவடத்தில் இருக்கிறது. வைரஸ் அழித்த நரம்புச் செல்களின் வேலையைப் பிழைத்த செல்கள் ஏற்கின்றன. புதுக் கிளைகள் விட்டு, கைவிடப்பட்ட தசைநார்களையும் இயக்குகின்றன. பல செல்களின் சுமையை ஒரே செல் முப்பது, நாற்பது ஆண்டு இழுத்த பின் அந்தக் கிளைகள் உதிரத் தொடங்குகின்றன. இதன் பெயர் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம். இதைக் காட்டித்தர ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு, சர்க்கரை, முதுகில் நரம்பு நெரிதல் எல்லாம் இல்லை என்று பார்த்த பிறகே இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். பார்க்காமலே "வயசாயிடுச்சு" என்று அனுப்புவது வைத்தியம் ஆகாது.

"நடக்க நடக்கச் சரியாகும்" என்பது அடுத்த தவறு. களைப்பு வருமுன் நிறுத்தும் அளவான பயிற்சி நல்லது. விடாப்பிடியான நடை மிஞ்சிய தசையையும் கெடுக்கும். "ஊசி போட்டதால்தான் கால் போனது" என்பது பாதி உண்மை. நோயைத் தந்தது வைரஸ். ஆனால் அது உடம்பில் இருந்த வேளையில் தசையில் குத்திய ஊசி, வாதம் வரும் வாய்ப்பைக் கூட்டியது.

தளர்ச்சி கூடிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் தோற்றுவிட்டோம் என்ற எண்ணம் வேலூரில் எழவே கூடாது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தவரும் அவரே. குழந்தைப் பருவத்தில் காலைத் தாங்கும் சட்டமான காலிப்பரைக் கழற்றி எறிந்ததைப் பெருமையாகக் கொண்டவர்கள் மறுபடி அதை மாட்டும்போது மனம் ஒடிவது இயல்பு. அதற்கும் ஆலோசனை தேவை.

செருப்பையும் சொல்லியாக வேண்டும். போலியோ தாக்கிய கால் பெரும்பாலும் சிறுத்திருக்கும். ஒரு காலுக்கு ஆறு, மறு காலுக்கு எட்டு என்று இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தூக்கிப்போடுகிறார்கள். உலகத்துக்கே ஷூ தைக்கும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அளவு மாறிய ஜோடியை, குட்டையான காலுக்கு அடி உயர்த்தித் தைத்து, ஒரு ஜோடி விலைக்கே விற்கலாம். கச்சாப்பொருளும் கைத்திறனும் அங்கேயே இருக்கின்றன.