பெட்ரோலும் வாட்டர் பாட்டிலும்

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் புல் வெட்டும் மெஷினுக்கு வாரம் இரண்டு லிட்டர் பெட்ரோல் வேண்டும். இத்தனை நாளும் என் மகன் வாட்டர் பாட்டிலில்தான் வாங்கி வந்தான். இப்போது பங்க்கில் பாட்டிலில் ஊற்ற மாட்டோம் என்கிறார்கள். “இது உங்க ரூலா, கவர்மென்ட் ரூலா?” என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து மிஞ்சிய தின்னரும் இரண்டு பாட்டில் கிடக்கிறது. எதை, எவ்வளவு, எதில் வைத்துக்கொள்ளலாம்?
– வாசகி, பேராவூரணி

பதில்: கவர்மென்ட் ரூல்தான் அம்மா. அதுவும் வெள்ளைக்காரன் காலத்தது: 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம். விற்பதற்காக இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு என்றால், 30 லிட்டர் வரை பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது அதன் 8-ஆவது பிரிவு. கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் எதில் வைப்பது என்பதில் கறார். கண்ணாடி, பீங்கான் சாடி, உலோகம், இந்த மூன்றில் ஒன்றுதான். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கண்ணாடியும் சாடியும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகக் கேன் 25 லிட்டர் வரை இருக்கலாம். வாட்டர் பாட்டில் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

1934-இல் பிளாஸ்டிக் பாட்டில் ஏது என்று உங்கள் மகன் மடக்கலாம். அவனை ஒன்று செய்யச் சொல்லுங்கள். வெயிலில் வண்டியில் மாட்டிக் கொண்டுவந்த பாட்டிலைக் கையால் அழுத்திப் பார்க்கட்டும். உப்பிக் கல்லு மாதிரி இருக்கும். மூடியைத் திருகினால் ‘உஸ்’ என்று வருகிறதே, எரியப்போவது அந்த ஆவிதான். பெட்ரோல் எரிவதாக நாம் சொல்கிறோம்; உண்மையில் எரிவது அதன் ஆவி.

சட்டமும் இந்த ஆவியை வைத்துத்தான் வகுப்புப் பிரிக்கிறது. எந்தச் சூட்டில் ஒரு எண்ணெய், நெருப்பைக் காட்டினால் பற்றும் அளவுக்கு ஆவி விடுகிறதோ அதுதான் அதன் ஃபிளாஷ் பாயின்ட். 23 டிகிரிக்குக் கீழே என்றால் ஏ வகுப்பு, 23 முதல் 65-க்குள் பி வகுப்பு, அதற்கு மேல் 93-க்குள் சி வகுப்பு. மண்ணெண்ணெயும் டீசலும் பி. பெட்ரோல் ஏ; அதற்கு ஃபிளாஷ் பாயின்ட் பூஜ்யத்துக்கும் சுமார் 40 டிகிரி கீழே. அதாவது, மார்கழி விடியற்காலையிலும் உங்கள் வீட்டுப் பெட்ரோல் பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது.

தீயணைப்புப் பயிற்சியில் ஒரு தகர வாய்க்காலைச் சாய்த்து வைத்து, மேல் முனையில் பெட்ரோலில் நனைத்த துணியும் கீழ் முனையில் மெழுகுவத்தியும் வைப்பார்கள். சில நொடி ஒன்றும் நடக்காது. திடீரென்று மெழுகுவத்தியிலிருந்து நெருப்பு வாய்க்காலின் வழியே மேலேறித் துணியைப் பிடிக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து இறங்கும். கொல்லைப்புறத்தில் கேனைத் திறந்தால் பூஜையறை விளக்கு தூரத்தில்தானே இருக்கிறது என்று நினைக்கக் கூடாது என்பது இதனால்தான். பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றவும் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து நெருப்பையும் கூட்டிக்கொண்டு போகும். மணல் போடுங்கள்.

ஆகவே, ஐந்து லிட்டர் உலோகக் கேன் ஒன்று வாங்குங்கள். பங்க்கில் அதை வண்டி மேல் வைத்துப் பிடிக்காமல் தரையில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். உரசலில் சேரும் மின்சாரம் தரைக்குப் போய்விடும். கழுத்து வரை நிரப்ப வேண்டாம், சூட்டில் விரிய இடம் வேண்டும். கலவர பயம், தீக்குளிப்பு பயம் உள்ள நாட்களில் போலீஸ் சொல்லி, கேனிலும் தர மறுப்பார்கள். அன்று பங்க்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. 30 லிட்டர் அனுமதி இருக்கிறதே என்று சேர்த்து வைக்கவும் வேண்டாம். அந்தக் கணக்கு லைசென்ஸுக்கானது. உங்கள் சமையல்கட்டைப் பார்த்துப் போட்டதல்ல. வாரத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் இரண்டு லிட்டரே வாங்குங்கள். மோட்டார் கொட்டகையில் வேண்டாம், தோப்பில் வேறு நிழலில் பூட்டி வையுங்கள். பெட்டிக்கடையில் பாட்டிலில் தொங்கும் பெட்ரோலை வாங்கவே வேண்டாம்; விற்பனை என்று வந்துவிட்டால் அந்த 30 லிட்டர் சலுகை கிடையாது.

தின்னர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெயரில் ‘பெட்ரோல்’ இல்லை என்பதால் சாதுவாகத் தெரிகிறது. ஆனால் திரவ ஹைட்ரோகார்பன் கலந்த, தீப்பற்றும் கலவை எதுவும் சட்டப்படி பெட்ரோலியம்தான். டொலுவீன் கலந்த தின்னர் பெரும்பாலும் ஏ வகுப்பில் வரும். டொலுவீனின் ஃபிளாஷ் பாயின்ட் வெறும் 4 டிகிரி. டர்பன்டைன் கொஞ்சம் பரவாயில்லை, பி வகுப்பு.

உங்கள் தின்னர் இருப்பதும் குடிநீர் பாட்டிலிலா? அப்படியென்றால் நெருப்பைவிட அதுதான் என் முதல் கவலை. தாகத்தில் வரும் குழந்தைக்கு அது தண்ணீர்தான். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். பெயின்டரையே கூப்பிட்டு அவருடைய தகர டின்னில் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வீட்டுக் கேட்டுக்கு ஆகும்.