புறக்கோட்டைக் கடைக்காரருக்கு ஒரு சீனிக் கணக்கு

நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கும், அதே கடையில் காசு லாச்சிக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கும் வயது ஒன்றாக இருக்கலாம். சீனி வருத்தம் வரும் வாய்ப்பு ஒன்றல்ல. 2005–06இல் இலங்கையில் நடந்த ஆய்வில் வளர்ந்தவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது, நகரத்தாரில் 16.4 வீதம். பிறகு அது கூடியதே தவிரக் குறையவில்லை.

முதலில் ஓர் அளவுநாடா எடுங்கள். சென்னையில் டொக்டர் வி. மோகனின் குழு 2005இல் வெளியிட்ட புள்ளிக்கணக்கு இந்தியருக்காகச் செய்தது. முதற்பார்வைக்கு நமக்கும் உதவும். வயது 35க்குக் கீழ் என்றால் 0, 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எட்டினால் 10, இன்னும் 10 செ.மீ. கூடினால் 20. சாரம் கட்டும் இடத்தில் அளந்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். உடற்பயிற்சி, கடின வேலை இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

கூட்டுத்தொகை 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம். வயது 52, இடுப்பு 98, நடை கிடையாது, அம்மாவுக்குச் சீனி: இந்த முதலாளிக்கு 80. அதே வயது நாட்டாமைக்கு இடுப்பு 84, பெற்றோருக்கு நோயில்லை: 50. வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. முதலாளி காலிமுகத்திடல் வரை தினம் அரை மணிநேரம் விறுவிறுப்பாக நடந்து, இடுப்பையும் 90க்குக் கீழே இறக்கினால் 60. அப்போதும் பரிசோதனை தேவைதான்.

அதற்குப் பணம் வேண்டாம். 35 வயது கடந்தவர்களை அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணிநேரம் எதுவும் உண்ணாமல் போங்கள்; தண்ணீர் குடிக்கலாம். இரத்தச் சீனி 100 முதல் 125 மி.கி. வரை என்றால் எல்லையில் நிற்கிறீர்கள். 126 அல்லது அதற்கு மேல் என்றால் ஆய்வுகூடத்தில் மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள்.

எல்லையில் நிற்பவருக்குப் புறக்கோட்டையில் முதல் எதிரி பிளேன்டீ. விலை பேச வருகிறவர் எல்லாரோடும் ஒன்று குடித்தால், இரண்டு கரண்டி வீதம் ஆறு கோப்பையில் பன்னிரண்டு தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. உபசாரத்தை நிறுத்த வேண்டாம், உங்கள் கோப்பையில் மட்டும் சீனியை நிறுத்துங்கள்.

இன்சுலின் போடுகிறவருக்கோ உணவைவிட நேரம்தான் பெரிய விஷயம். கிளினிக்கில் பலருக்கும் கொடுப்பது கலப்பு இன்சுலின், காலையும் மாலையும். சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன் போட வேண்டும். காலையில் போட்டதன் மெதுவான பகுதி மத்தியானத்தில்தான் உச்சத்துக்கு வரும். கடையில் கூட்டம் என்று மூன்று மணிக்குச் சோறு தின்கிற பழக்கம் இங்கேதான் சீனியை இறக்கி ஆபத்தாகிறது. ஒரு மணியானால் எழுந்து சாப்பிடுங்கள், வாடிக்கையாளர் காத்திருப்பார். வேலை நேரம் அப்படி விடாது என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். நோன்போ கந்தசஷ்டி விரதமோ பிடிப்பதாக இருந்தால் பல வாரம் முன்பே கேளுங்கள்.

போடும் முறை: குப்பியின் பெயரையும், சிரிஞ்சும் குப்பியும் இரண்டும் 100 அலகுக்கானவையா என்பதையும் பாருங்கள். கலங்கல் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டுங்கள், குலுக்காதீர்கள். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலை மெல்லப் பிடித்துக் குத்தி, மருந்தை இறக்கிப் பத்து எண்ணிய பின் எடுங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழும், அங்கே மருந்து ஒழுங்காகச் சேராது.

திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் இருக்கட்டும்; உறைந்துபோனதை எறிந்துவிடுங்கள். பாவனையில் உள்ளது நிழலான இடத்தில் 30 பாகைக்குள் ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும். தகரக்கூரைக் களஞ்சியமும் லொறியின் முன்கண்ணாடி ஓரமும் கூடாது. மண்பானை உதவும், ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் அதிகம் குளிராது.

சீனி இறங்கினால் வியர்க்கும், ஆனால் புறக்கோட்டை வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? கை நடுங்கினாலும், கணக்குத் தடுமாறினாலும், காரணமில்லாமல் கோபம் வந்தாலும் சந்தேகப்படுங்கள். சீனி பார்க்கும் மானியில் 70க்குக் கீழ் என்றாலோ, மானி இல்லாமல் சந்தேகம் மட்டும் என்றாலோ, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் மறுபடி, தேறியதும் சாப்பாடு. இதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

பாவித்த ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, கிளினிக் நாளில் எங்கே ஒப்படைப்பது என்று தாதியிடம் கேளுங்கள். பையில் கட்டித் தெருவில் வைத்தால் குப்பை அள்ளும் மாநகரசபைத் தொழிலாளியின் கையில்தான் குத்தும்.