எல் நினோ என்றால் குறுவையை விட்டுவிடணுமா?

சித்திரை பிறந்தாலே டெல்டாவில் ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் எல் நினோவாமே, நாத்து விடலாமா?" பதில் சொல்லும் முன், நமக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது என்பதை ஞாபகம் வைக்கணும். ஒன்று, குடகிலும் வயநாட்டிலும் பெய்து மேட்டூர் வழியாக வரும் தென்மேற்குப் பருவமழை. மற்றது, ஐப்பசி, கார்த்திகையில் நம்ம வயலிலேயே பெய்யும் வடகிழக்கு மழை.

பசிபிக் கடல் சூடாவதுதான் எல் நினோ. அது முதல் மழையைக் குறைக்கப் பார்க்கும். இரண்டாவதைப் பெரும்பாலும் கூட்டும். 2015ல் நாட்டின் தென்மேற்கு மழை 14 சதவீதம் குறைவு. அந்த வருஷக் கடைசியில்தான் சென்னை மூழ்கியது.

ஆனா எல் நினோ தனியா வேலை செய்யறதில்லை. இந்தியப் பெருங்கடலில் ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்வதும் உண்டு. அது 1997ன் பெரிய எல் நினோவை ஈடுகட்டியது. நாட்டில் மழை குறையவில்லை. 1877லும் இரண்டும் சேர்ந்தே வந்தன. அப்போது மழை பொய்த்தது, தாது வருஷப் பஞ்சம் நீண்டது. இவற்றுக்குப் பின்னால் வட பசிபிக்கில் இருபது, முப்பது வருஷம் நீடிக்கும் மெதுவான மாற்றமும் இருக்கிறது. அதன் சூடான கட்டத்தில் வரும் எல் நினோ, வறட்சியை அழுத்தமாக்கும்.

இத்தனை நீளச் சுழற்சியைப் புரிந்துகொள்ள நூற்றைம்பது வருஷ மழைக்கணக்கு போதாது. அதனால் மரத்தையும் பவளத்தையும் படிக்கிறார்கள். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார், கேரளத் தேக்கின் வளையங்களில் 1481 முதல் 2003 வரை 523 வருஷக் கணக்கை எடுத்தார்கள். மழை குறைந்த வருஷம் வளையம் ஒடுங்கும். அப்படி ஒடுங்கியவற்றில் பல எல் நினோ வருஷங்கள். சுமத்ரா அருகே மெந்தாவாய் தீவுகளின் பவளத்தை வைத்து 2020ல் வந்த ஆய்வு, இரண்டு கடலும் பல நூற்றாண்டாகச் சேர்ந்தே ஆடுவதைக் காட்டியது. 1675ல் இந்தியப் பெருங்கடலில் நடந்த மாற்றம் 1997ஐயும் மிஞ்சியதாம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: ஒரு பெயரைக் கேட்டு முழு வருஷத்தையும் முடிவு செய்யாதே. குறுவைக்கு மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கிறேன். சந்தேகம் என்றால் பரப்பைக் குறைத்து, மீதியில் கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறேன். சம்பாவுக்கு முன்பே வடிகாலைத் தூர்வாரி, பள்ளத்து வயலில் உயரமான மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன்.

எல் நினோ இல்லைன்னாலும் நிம்மதி இல்லை. அது ஓய்ந்த 2016ல்தான் தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்தது. அதனால் குறுகிய வயது, நீண்ட வயது இரண்டு விதையும் எப்பவும் குதிரில் இருக்கட்டும்.